நாற்காலி வாங்க மறந்தவர்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கால் வலியில் பிறந்தது. மனித நேயம், சமூக அக்கறை என்று யாராவது பின்னட்டையில் எழுதினால் நம்பாதீர்கள். இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் நான் ஓர் அலுவலகத்தில் நின்றுகொண்டே இருந்தேன். என்னைத் தவிர அங்கிருந்த அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த எரிச்சலில்தான் வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

அது ஒரு சங்கம். முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், அதே மாதிரி அடிபட்டவர்களுக்காக நடத்துவது. ஒருவர் எங்கிருந்தோ விழுகிறார், ஆஸ்பத்திரியில் படுக்கிறார், இனி கால் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போகிறார். அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ இவர்களில் ஒருவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு அந்தக் கட்டில் பக்கம் போவார். யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. கழுத்தில் அடிபட்டவரிடம் கழுத்தில் அடிபட்டவர்தான் போகவேண்டும், இடுப்புக்கு இடுப்பு. “எனக்கும் இதேதான்” என்று சொல்லத் தகுதி உள்ள ஆளாக இருக்கவேண்டும்.

தலைவர் ஒரு மேஸ்திரி. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சாரம் சரிந்து மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தவர். தொப்புளுக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு அவர் எனக்குப் புது அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார். மடியில் அளவு நாடா. ஒவ்வொரு இடத்திலும் அதை இழுத்துக் காட்டாமல் விடமாட்டேன் என்று அடம்.

“வாசல் முப்பத்தாறு இஞ்ச். சரிவு, ஒரு அடி உயரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம். சுவிட்ச் எல்லாம் உட்கார்ந்த கைக்கு எட்டற மாதிரி. கண்ணாடி உட்கார்ந்த முகத்துக்கு.”

கண்ணாடியில் எனக்கு என் சட்டைப் பொத்தான்கள் மட்டும் தெரிந்தன.

“இந்த ஊர்ல எந்தக் கட்டடமும் நம்மள நெனச்சுக் கட்டல சார். அதான் நானே கட்டினேன். எதையாவது மறந்திருக்கேனா பாருங்க. சும்மா சொல்லுங்க.”

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். உட்கார ஓர் இடம் தேடித்தான் பார்த்தேன். அந்த அறையில் ஒன்பது நாற்காலிகள் இருந்தன. ஒன்பதிலும் ஆட்கள் இருந்தார்கள். ஒன்பதுக்கும் சக்கரம் இருந்தது. பத்தாவதாக ஒரு முக்காலிகூடக் கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் நாற்காலியைத் தாங்களே கொண்டுவருவதால், நாற்காலி என்று ஒன்று வாங்கவேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை.

“எல்லாம் சரியா இருக்கு” என்றேன். எனக்குத் தைரியம் அவ்வளவுதான்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

விதி அவரைச் சாரத்திலிருந்து தள்ளியது. ஆனால் அவர்

(நிறுத்தினேன். விதி எங்கே வந்தது? கயிற்றைச் சரியாகக் கட்டாத ஒருத்தர்தான் வந்தார்.)

இரண்டாவது முயற்சி:

சக்கர நாற்காலியில் முடங்கிப் போனாலும், மேஸ்திரியின் உள்ளம் வானில் பறந்து

இதன் ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. என்னுடையதில்லை. வரைவை வாங்கிப் படித்த சங்கத்தின் செயலாளர் எழுதியது. அவரை எல்லோரும் மருந்துக்கடை அக்கா என்பார்கள். மருந்துக்கடை வைத்திருக்கிறார், அவ்வளவுதான் காரணம். கார் விபத்தில் கழுத்து அடிபட்டு விரல்கள் மடங்காது. உள்ளங்கையில் ஒரு பட்டை போட்டு அதில் பேனாவைச் செருகி எழுதுவார். அப்படியும் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. அது வேறு வயிற்றெரிச்சல். குறிப்பு இது:

“முடங்கிக் கிடந்தப்ப நாற்காலி இல்ல. நாற்காலி வந்தப்புறம்தான் வெளிய வந்தோம். பறக்க எல்லாம் யாருக்கும் நேரமில்ல. அடுத்த பக்கத்துல அவர் எழுந்து நடக்கற மாதிரி ஏதாவது கனவு வச்சிருந்தா இப்பவே கிழிச்சுடுங்க.”

வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

3

அங்கே ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அரை மணிக்கு ஒரு தரம் சுவரில் மணி அடிக்கும். அடித்ததும் பேச்சு பாதியில் நிற்கும். எல்லோரும் நாற்காலியின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பார்கள். தூக்க முடியாத மருந்துக்கடை அக்கா போன்றவர்கள் முன்னால் குனிந்து மார்பை மடியில் சாய்த்துக்கொள்வார்கள். ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்தால் புண் வந்துவிடும், வந்தது தெரியவும் தெரியாது. அதற்காகத்தான். முதல் தடவை மணி அடித்தபோது ஏதோ பிரார்த்தனை போலிருக்கிறது என்று நானும் பவ்யமாகத் தலையைக் குனிந்து நின்றேன். அக்கா மடியில் முகம் வைத்தபடியே சிரித்தது எனக்குக் கேட்டது.

இன்னொன்று, அந்தப் படிவம். முதல் சந்திப்புப் படிவம் என்று பெயர். பதினொரு கேள்வி. மேஸ்திரியும் அக்காவும் உட்கார்ந்து எழுதியது.* கட்டில் பக்கம் போகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும். கேள்வி கேட்டபின் மனசுக்குள் இருபது வரை எண்ணவேண்டும். எதிரில் இருப்பவர் பேசாவிட்டாலும் நடுவில் புகுந்து பேசக்கூடாது. முக்கியமாக, “தைரியமா இருங்க” என்று சொல்லவே கூடாது. சொன்னவரை அக்கா மூன்று மாதத்துக்கு எங்கும் அனுப்பமாட்டார்.

(* “உட்கார்ந்து எழுதியது” என்பதைப் படித்துவிட்டு அக்கா ஓரத்தில் எழுதினார்: “பின்ன, நின்னுக்கிட்டா?”)

4

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

அன்றைக்கு அலுவலகத்தில் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்தன் மட்டுமில்லை. பதினொரு மணிவாக்கில் மேஸ்திரியின் மனைவி வந்தார். மேஸ்திரி வீட்டில் மறந்துவிட்டு வந்த நாற்காலி மெத்தை உறையைக் கொடுக்க வந்தவர், கூட்டம் முடியட்டும் என்று வாசல் நிலையில் ஒரு தோளைச் சாய்த்து ஒன்றரை மணி நேரம் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. சொல்வதற்கு அங்கே என்ன இருக்கிறது?

நான் வரைவில் இப்படி எழுதினேன்: “மேஸ்திரியின் மனைவி புன்னகையோடு எல்லோருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவோரம் பூரிப்போடு நின்றாள்.”

அவர் டீ கொண்டுவரவில்லை. அந்தப் பாத்திரத்தின் கையில் ஏதாவது இருக்கட்டுமே என்று நானாகக் கொடுத்தேன். இருபத்திரண்டு பக்கத்தில் அவருக்குக் கிடைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். அதிலும் பாதி பொய்.

வரைவை மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்துப்போனார். சத்தமாக வாசித்துக் காட்டினாராம். அவருக்கு ஒரே பெருமை. மனைவி கடைசிவரை கேட்டார்.

(இனி வருவதில் நான் இல்லை. மேஸ்திரி சொன்னதையும், அவர் மனைவி போனில் திருத்தியதையும் வைத்து எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போன இடங்கள் ரொம்பக் கொஞ்சம்.)

“நான் எப்பங்க டீ கொண்டு வந்தேன்?”

“அது கதைம்மா. அவரு சேர்த்திருக்காரு.”

“நின்னேன். அது மட்டும் சரியா எழுதியிருக்காரு.”

“நல்லாத்தானே எழுதியிருக்காரு!”

“ஆமா. நல்லாத்தான் இருக்கு.” அவர் பாத்திரம் கழுவப் போனார். திரும்பி வந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “செவ்வாய்க்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.”

“எத்தனை நாள்?”

“தெரியல.”

பதினெட்டு வருஷத்தில் அந்த அம்மாள் எங்காவது போவதென்றால் எத்தனை நாள், எந்த பஸ், எந்த டப்பாவில் என்ன சாப்பாடு என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் போவார். “தெரியல” என்ற சொல்லை மேஸ்திரி அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லை என்று என்னிடம் சொன்னார். விழும்போது பயப்பட நேரமும் இல்லையாம்.

5

திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்துக்கு வந்து என்னைப் போனில் பிடித்தார். “உங்க கதையால என் வீட்டுல இப்படி ஆயிடுச்சு சார்.” நான் ஓடினேன். போய்ப் பழையபடி நின்றேன்.

மருந்துக்கடை அக்கா விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

“அவங்க இல்லாம உங்களால இருக்க முடியாதா?”

“ஏன் முடியாது? குளிக்கறது, துணி மாத்தறது, சமைக்கறது, வண்டி ஓட்டறது, எல்லாம் நானே செய்வேன். அம்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்!”

“அப்ப போகட்டுமே.”

மேஸ்திரி பேசவில்லை. அக்கா மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பதினாலோ பதினைந்தோ இருக்கும்போது மேஸ்திரி உடைந்தார்.

“அதாங்க பயமா இருக்கு. எனக்கு அவ வேண்டியிருந்த வரைக்கும் ஏன் இருக்கான்னு நான் யோசிக்கவே இல்ல. இப்ப எந்த வேலைக்கும் அவ தேவையில்ல. நானே அப்படி ஆக்கிட்டேன். இனிமே அவ எதுக்கு என்கூட இருக்கணும்?”

நான் உடனே குறிப்பேட்டில் எழுதினேன். (எழுதினதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் எழுதினேன்.)

“அவங்ககிட்டக் கேட்டீங்களா?” என்றார் அக்கா.

“என்னன்னு கேக்கறது?”

அக்கா மடங்காத விரல்களால் மேஜை மேலிருந்து ஒரு காகிதத்தைத் தள்ளி அவர் பக்கம் நகர்த்தினார். முதல் சந்திப்புப் படிவம்.

“இது அடிபட்டவங்களுக்கு, அக்கா.”

“எனக்குத் தெரியாதா? நாந்தானே எழுதினேன். எடுத்துட்டுப் போங்க.”

6

திங்கட்கிழமை சாயங்காலம். மனைவி கட்டிலில் பையை வைத்துத் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். மேஸ்திரி நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படிவத்தைப் பிரித்தார். கை நடுங்கியதாம். (மனைவி: “நடுங்கவெல்லாம் இல்ல. கண்ணாடி தேடிக்கிட்டு இருந்தாரு.”)

“கேள்வி ஒண்ணு. அடிபட்ட தேதி என்ன?”

“என்னங்க இது?”

“சொல்லு.”

மேஸ்திரி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் பதில் வந்தது.

“நீங்க விழுந்த அதே தேதி.”

அவர் எழுதிக்கொண்டார். எழுதத்தானே வேண்டும், படிவம் அல்லவா.

“எந்த இடத்துல அடி?”

“முதுகு. கீழ் முதுகு. முதல் ரெண்டு வருஷம் உங்களைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கும், நாற்காலிலேர்ந்து கட்டிலுக்கும் தூக்கித் தூக்கி.”

“நீ சொன்னதே இல்லையே!”

“நடுவுல பேசக்கூடாதுன்னு அதுல போட்டிருக்கு. நேத்து நீங்கதான் கதையில படிச்சுக் காட்டினீங்க.”

மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார்.

“இப்ப வலி இருக்கா?”

“நின்னா இருக்கு.”

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் போனில் அரை மணி அடித்தது. அவர் கையை ஊன்றி உடம்பைத் தூக்கினார். மனைவி மடித்துக்கொண்டிருந்த சேலையை அப்படியே பிடித்தபடி காத்திருந்தார். பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில் எந்தச் சண்டையும் முப்பது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சாக நடந்ததில்லை. மணி அடித்தால் நின்றுவிடும். அவர் இறங்கி உட்கார்ந்ததும் மனைவி, “ம், அடுத்தது” என்றார்.

“உன்னை மாதிரியே அடிபட்ட யாரையாவது உனக்குத் தெரியுமா?”

இதுதான் அந்தப் படிவத்தின் கடைசிக் கேள்வி. பாக்கியைத் தாண்டிவிட்டு மேஸ்திரி நேராக இதற்கு வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் “இல்லை” என்பார்கள். உடனே “இதோ நான் இருக்கேன்” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மற்றப் பத்துக் கேள்வியும். மேஸ்திரி அதை நூறு கட்டில் பக்கத்திலாவது சொல்லியிருப்பார்.

“இல்லைங்க” என்றார் மனைவி.

மேஸ்திரி வாயைத் திறந்தார். இதோ நான்... என்று சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இருபது எண்ணினார். நாற்பது எண்ணினார். “தைரியமா இரு” என்பது தொண்டைவரை வந்ததாம். நல்லவேளை, முழுங்கிவிட்டார்.

மனைவி பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

7

செவ்வாய்க்கிழமை நடந்ததற்கு நானே சாட்சி. ஆகவே இதில் டீ எதுவும் வராது.

காலை ஏழு மணிக்கே மேஸ்திரி செங்கல் இறக்கிவிட்டார். மார்போடு ஒரு பட்டையைப் போட்டு உடம்பை நாற்காலியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகத் தொங்கிச் சாய்ந்து, வாசலுக்கு உள்ளே சுவரோரமாக ஒவ்வொரு கல்லாக வைத்தார். கலவையைக் கிளறியவர் ஒரு பழைய லாரி டிரைவர், இடுப்பு கேஸ்; நீளக் கம்பு வைத்த கரண்டி, மடியில் தட்டு, முகமெல்லாம் சிமென்ட். அக்கா மேற்பார்வை. நான் கல் எடுத்துக் கொடுத்தேன், அதையும் தப்பாக எடுத்துக் கொடுத்தேன்.

“கடையில ஒரு நாற்காலி வாங்கிட்டா முடிஞ்சுதே?” என்று கேட்டுவிட்டேன்.

மேஸ்திரி கரண்டியை நிறுத்தினார். “நாற்காலியை நகர்த்திடுவாங்க சார். மூலையில போட்டு அது மேல ஃபைலை அடுக்குவாங்க. திண்டு நகராது.”

பதினொன்றுக்குத் திண்டு எழும்பிவிட்டது. மேல் பூச்சு ஈரமாக மினுங்கியது. பதினொன்றரைக்கு பஸ். பஸ் நிறுத்தம் அலுவலகத்துக்கு எதிரில்தான். மனைவி கையில் பையோடு வந்து வாசல் நிலையில் பழையபடி தோளைச் சாய்த்தார்.

“என்னது இது?”

“உட்காரத்தான்.”

“யாரு?”

“நீ.”

அவர் உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். மேஸ்திரி மூச்சுவிடவில்லை. நாங்கள் யாருமே விடவில்லை.

“சாய எங்க?”

“என்ன?”

“முதுகு வலின்னு நேத்து எழுதிக்கிட்டீங்களே. சாயாம எவ்வளவு நேரம் உட்காருவேன்? திண்டு இவ்வளவு அகலம், முதுகு சுவரை எட்டாது.”

மேஸ்திரியின் முகம் போன போக்கை நான் வர்ணிக்கமாட்டேன். சங்கத்தில் அம்பது பேருடைய இடுப்பகலம், முழங்கால் உயரம், தோள் அகலம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். யார் நாற்காலியின் முதுகுப் பலகை எத்தனை இஞ்ச் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

“உன் முதுகு அளவு எனக்குத் தெரியலம்மா” என்றார். குரல் உடைந்திருந்தது. இங்கே நானும் அழுதேன். அக்காவும் அழுதார், ஆனால் அதை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரி அளவு நாடாவை நீட்டினார். மனைவி பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நின்றார். உட்கார்ந்தபடி எட்டிய மட்டும் மேஸ்திரி நாடாவை முதுகில் பிடித்தார். தோள்வரை எட்டவில்லை. மீதியை மனைவியே முடித்தார்: கலவைத் தட்டில் விரலைத் தொட்டு, திண்டுக்கு மேலே சுவரில் ஒரு கோடு போட்டார். “இதுவரைக்கும் வரணும்.”

“வச்சுடறேன். இன்னைக்கே வச்சுடறேன். ஏழு நாள் தண்ணி ஊத்தி ஆற விடணும். அதுக்கப்புறம் உட்காரலாம்.”

“சரி.”

“ஏழு நாள்” என்றார் மறுபடி. அது கேள்விதான். கேள்வி மாதிரி கேட்க அவருக்கு வரவில்லை.

பஸ் வந்தது. மனைவி பையை எடுத்துக்கொண்டு போனார். பதில் சொன்னாரா என்றால், உதடு அசைந்தது. சுவரில் மணி அடித்த சத்தத்தில் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து நின்றேன். இந்தத் தடவை பிரார்த்தனைதான்.

8

முடிவுகள்.

அ) ஏழாம் நாள் கொட்டும் மழையில் அவள் வந்து இறங்

(அக்கா: “மழை எதுக்கு? டீக்குப் பதிலா?”)

ஆ) அவள் வரவில்லை. திண்டில் தூசி படிந்

(அக்கா: “இதை நடந்தப்புறம் எழுதுங்க. அதுவரைக்கும் வாயை மூடுங்க.”)

இ) இந்த முடிவை எழுதிய தாள் என்னிடம் திரும்பி வரவே இல்லை. மேஸ்திரி அதைச் சிமென்ட் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டாராம்.

இன்று திங்கட்கிழமை, ஆறாம் நாள். சாய்மானம் அந்தக் கோடு வரை சரியாக எழும்பியிருக்கிறது. மேஸ்திரி தினம் மூன்று வேளை தண்ணீர் ஊற்றுகிறார், வேறு யாரையும் ஊற்ற விடுவதில்லை. நேற்று அந்த அம்மாள் எனக்குப் போன் செய்து இந்தக் கதையில் பதினாலு திருத்தம் சொன்னார். கடைசியில், “சாய்மானம் நேரா வச்சிருக்காரா, கொஞ்சம் சரிச்சு வச்சிருக்காரா?” என்று கேட்டார். சரித்துத்தான் வைத்திருக்கிறார் என்றேன். “ம்” என்று வைத்துவிட்டார். அந்த “ம்” எப்படிப்பட்ட “ம்” என்று மேஸ்திரி என்னை நாற்பது தடவை கேட்டுவிட்டார். எனக்குத் தெரியவில்லை.

நாளைக்குத் திரும்பி வரும் பஸ்ஸுக்கு நான் போகப்போவதில்லை. நான் பார்த்தால் ஏதாவது சேர்த்து எழுதிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். நீங்கள் போங்கள். வாசல் முப்பத்தாறு இஞ்ச், தாராளமாக நுழையலாம். உள்ளே ஒன்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பது பேரும் பஸ் நிறுத்தத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவரோரம் ஒரு திண்டு இருக்கும். காலியாக, காய்ந்து, நன்றாக இருக்கும்.

அதில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். கால் வலிக்கும். நின்றுகொண்டே இருங்கள்.